ஒன்பது நொடி

வாட்டர்லூ, அயோவா. தொண்ணூற்றொன்பது பிப்ரவரி.
கண்ணாடியில் மூச்சு படியாமலிருக்க
ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கிவிட்டு
பியூக் காருக்குள் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தேன்.
மணிக்குப் பதினெட்டு டாலர். பெட்ரோல் தனி.

காப்பீட்டுக் கம்பெனி தந்த தாளில் இருந்தது:
ராசியா துராக்கோவிச். வயது நாற்பத்தாறு. போஸ்னியா.
வேலை, பன்றித் தொடையிலிருந்து எலும்பு பிரிப்பது.
காயம், வலது தோள்.
கீழே பென்சிலில் யாரோ:
கையைத் தூக்குகிறாளா, பார்.

பத்து நொடிக்கு ஒரு தொடை,
ஷிப்டுக்கு இரண்டாயிரத்து எழுநூறு.
இந்தக் கணக்கு அப்போது எனக்குத் தெரியாது,
தெரிந்திருந்தாலும் உட்கார்ந்துதான் இருப்பேன்.

சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு.
கட்டை விரல் போனால் அறுபது வாரக் காசு,
சுட்டு விரலுக்கு முப்பத்தைந்து,
சுண்டு விரல் இருபதோடு சரி.
தோளுக்குக் கட்டமே கிடையாது.
அந்த இடத்தில்தான்
வக்கீல்கள் குடியிருக்கிறார்கள்.

ஐந்து நாள் திரைச்சீலை மட்டும் அசைந்தது.
ஆறாம் நாள் காலை
பள்ளிப் பேருந்து கதவை மூடிக் கிளம்ப,
மகன் விட்டுப்போன சாப்பாட்டு டப்பாவை
வலது கையில் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு
செருப்போடு பனியில் ஓடி வந்தாள்.
ஒன்பது நொடி.
கிடைத்துவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன்.

விசாரணை அறையில் தொலைக்காட்சியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
கம்பெனி வக்கீல் ஒன்பது நொடியை
மூன்று தடவை போட்டுக் காட்டினார்.
தூக்கிய கை. தூக்கிய கை. தூக்கிய கை.

அவள் வக்கீல் சின்னப் பெண், ஜலதோஷம் வேறு.
மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்:
நாடா அங்கே முடிகிறதா?
இல்லை.
மீதி?
கார் டிக்கியில்.
சத்தியம் செய்திருந்தேன், அது ஒன்று.
குலுங்காமல் எடுத்திருந்தேன், அது இன்னொன்று.
ஒரு வேலைக்காரனுக்கு
தன் வேலையை யாராவது முழுசாகப் பார்க்க வேண்டும்.

எடுத்துவரப் போனபோது
ஐஸ் பிடித்த மூன்றாம் படியில் சறுக்கினேன்.
முழங்காலில் ஏதோ கிழிந்த சத்தம்.
நொண்டிக்கொண்டே நாடாவைக் கொடுத்தேன்.

பேருந்து போகிறது.
அவள் தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
தோளை இடது கையால் அமுக்கியபடி
நாலு நிமிஷம்.
தலைமயிரில் பனி விழுந்து, கரையாமல் நிற்கிறது.
அவள் தட்டிவிடவில்லை.
மறுநாள், துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு
வாசல் கூட்டுகிறாள்.
எட்டாம் நாள், ஊறுகாய்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு
எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.
திறந்த புட்டியோடு திரும்பி வருகிறாள்.

நடுவர் மிட்டாய் மென்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்தார்.
இரண்டு மணி நேரம்.
ராசியாவும் பார்த்தாள்,
தன் வாசலை, தன் முதுகை,
எதிர்ப்பக்கம் கார் நின்ற இடத்திலிருந்து.
பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்
மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.
ஒரு தடவை அவள் என் பக்கம் திரும்பினாள்.
கோபம் என்று சொல்லமாட்டேன்.
அந்தப் பார்வைக்கு என் தாளில் கட்டம் இல்லை.

தீர்ப்பை எனக்கு யாரும் அனுப்பவில்லை.
அடுத்த வேலையையும்.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள்.
விபத்து நடந்த இடம்: எழுதினேன்.
நேரம்: எழுதினேன்.
முதலாளியின் பெயர்.
போன் போட்டேன். நீங்கள் ஒப்பந்தக்காரர் சார், என்றாள்
காப்பீட்டுக் கம்பெனியில் ஒரு பெண், மிக மரியாதையாக.

இப்போது மார்ச். மாடிப்படியில்
ஒவ்வொரு தடவை காலை மடக்கும்போதும்
ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கிறேன்,
என்ஜினை அணைக்காமல் ஏதாவது கார் நிற்கிறதா என்று.
எனக்கு யார் ஆள் அனுப்பப் போகிறார்கள்,
தருவதற்கே ஒன்றுமில்லாதபோது.
இருந்தாலும் பார்க்கிறேன்.